பதினைந்து பேருக்கு எத்தனை காம்பரா? கப்பல் அறைகளும் கடல் பிரித்த குடும்பங்களும்

2023 ஜூன் மாதம் ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. ஜூன் 5 ஆம் திகதி சென்னையில் இந்தியத் துறைமுகங்கள் அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடக்கி வைத்த பயணச் சேவை அது. கோர்டேலியா குரூசஸ் என்ற இந்திய நிறுவனம் நடத்துகிறது. சென்னையில் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டு மீண்டும் சென்னைக்குப் போகும் சுற்று. 1990 இல் ரோயல் கரிபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட இந்தக் கப்பலில் ஏறக்குறைய 800 அறைகள் இருக்கின்றன.

அதே ஆண்டுதான் மலையகத் தமிழர் இந்தத் தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைந்தன. ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நினைவு நடைபயணம் ஒகஸ்டில் மாத்தளையை அடைந்தது. கப்பல் வந்ததும் நடைபயணம் புறப்பட்டதும் ஒரே பாக்குநீரிணையின் கரைகளில். ஊடகங்கள் இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே எழுதின. சுற்றுலாப் பக்கத்தில் ஒன்று, சமூகப் பக்கத்தில் மற்றொன்று. எங்கள் குடும்பத்தில் இரண்டும் ஒரே செய்தியாகிவிட்டன.

கனடாவில் இருக்கும் என் மாமாவின் மகள், சிதறிப்போன குடும்பம் முழுவதையும் ஒரு கப்பலில் சேர்ப்பது என்று முடிவெடுத்தாள். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இது இப்போது பரவலாகிவரும் வழக்கம். மண்டபம் எடுக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், யார் வீட்டில் தங்குவது என்ற மனக்கசப்பு வேண்டாம். ‘அறைகளை நீயே பார்த்து எடு. எனக்குக் கணக்கை மட்டும் சொல்லு’ என்று வேலையை என்னிடம் தந்தாள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. இதே கணக்கைப் போடப்போகும் வேறு குடும்பங்களுக்கும் இது பயன்படலாம்.

ஒரு லயத்திலிருந்து நான்கு திசைக்கு

அம்மாவும் அவரோடு பிறந்தவர்களும் பலாங்கொடைப் பக்கத் தோட்டம் ஒன்றில், ஒரே காம்பராவில் வளர்ந்தவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்தப் பிரிப்பில் பெரியம்மா 1973 இல் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரம் போய், கோத்தகிரியில் மீண்டும் கொழுந்து கிள்ளினார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்று அது. 1977 வன்முறைக்குப் பிறகு மாமா கிளிநொச்சிக்குப் போனார். தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர் 2009 வரை வன்னியில் எத்தனை முறை இடம்பெயர்ந்தார் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா பலாங்கொடையிலேயே இருந்துவிட்டார்.

ஆக, கணக்கு இது. கனடாவிலிருந்து ஐவர்: கணவன், மனைவி, ஒன்பது வயதும் ஆறு வயதுமான இரு பிள்ளைகள், பத்து மாதக் குழந்தை. கிளிநொச்சியிலிருந்து மாமாவும் அத்தையும். பலாங்கொடையிலிருந்து அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களின் ஏழு வயது, நான்கு வயதுப் பிள்ளைகள், நான். கோத்தகிரியிலிருந்து பெரியம்மாவும் அவர் மகளான அக்காவும். மொத்தம் பதினைந்து. அதில் ஐந்து சிறு பிள்ளைகள்.

நான்கு பேர் தங்கும் அறை நான்கு எடுத்தால் பதினாறு கட்டில் கிடைக்கும். ஒன்று மிச்சம். இதுதான் முதலில் மனதில் ஓடும் கணக்கு. தோட்டத்துரை லயம் கட்டியதும் இந்தக் கணக்கில்தான். மண்டபம் முகாமும் மெனிக் பாம் கூடாரங்களும் ஆள் எண்ணித்தான் பிரிக்கப்பட்டன. எங்கள் மூன்று தலைமுறையில் யாருக்கும், யாரோடு யார் படுப்பது என்று முதலில் கேட்டு, பிறகு அறை கொடுக்கப்பட்டதில்லை. கப்பல் நிறுவனத்தின் படிவம் அதைக் கேட்கிறது. ஆனால் அது கேட்கும் விதத்தில் சில பொறிகள் இருக்கின்றன.

கப்பல் அறையின் விலை எப்படி இயங்குகிறது

சொகுசுக் கப்பல்களில் அறைகள் பொதுவாக நான்கு வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, வெளித்திண்ணை உள்ள பல்கனி அறை, பெரிய தொகுப்பறை. விளம்பரத்தில் போடும் விலை பெரும்பாலும் ‘ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு இவ்வளவு’ என்ற விலை. தனியாளாக ஓர் அறை எடுத்தால் ஏறக்குறைய இருவருக்கான பணத்தையும் கட்ட வேண்டி வரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். துறைமுக வரியும் நாளாந்தச் சேவைக் கட்டணமும் குழந்தைகள் உட்படத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக ஏறும். எனவே விளம்பர விலையைப் பதினைந்தால் பெருக்கிப் பார்ப்பதில் பயனில்லை. அறை வாரியாக, எல்லா வரியும் சேர்ந்த தொகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாதாரண அறையில் அதிகபட்சம் நான்கு பேர். கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்கட்டில் இரண்டு. கைக்குழந்தைதானே, மடியில் கிடக்கும் என்று ஐந்தாவதாகச் சேர்க்க முடியாது. உயிர்காப்புப் படகில் குழந்தைக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதால் அதுவும் ஓர் ஆளாகவே எண்ணப்படும். கனடாக் குடும்பம் ஐந்து பேர் என்பதால் அவர்களுக்கு ஓர் அறை போதாது.

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் குழம்புவது. அடுத்தடுத்த அறை வேறு, உள்கதவால் இணைந்த அறை வேறு. அடுத்தடுத்த அறை என்றால் பொது நடைபாதைக்கு வந்துதான் மற்ற அறைக்குப் போகலாம். இணைந்த அறையில் இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருக்கும். இரவில் ஆறு வயதுப் பிள்ளை அழுதால் நடைபாதைக் கதவைத் திறக்கத் தேவையில்லை. இணைந்த அறைகள் எண்ணிக்கையில் குறைவு, முதலில் விற்றுப்போவதும் அவைதான். பல நிறுவனங்கள் ஒவ்வோர் அறையிலும் 21 வயதைக் கடந்த ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. பெற்றோர் பக்கத்து அறையில் இருந்தால் சில நிறுவனங்கள் இதைத் தளர்த்தும். அதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

விலையைக் குறைப்பதற்காக ‘அறை எண்ணை நாங்களே பிறகு தருகிறோம்’ என்ற வகையில் பதிவு செய்ய அழைப்பார்கள். தம்பதியருக்கு அது லாபமாக இருக்கலாம். பிள்ளைகளோடு பல அறை எடுக்கும் குடும்பத்துக்கு அது ஆபத்து. ஓர் அறை மூன்றாம் தளத்திலும் மற்றது எட்டாம் தளத்திலும் வந்துவிட்டால், நான்கு நாளும் மின்தூக்கி வாசலில் கழியும்.

அறையின் இடத்தைப் பற்றிப் பெரியம்மா தொலைபேசியில் கேட்டார்: ‘கோடிக் காம்பரா கிடைக்குமா?’ லயத்தில் கோடிக் காம்பராவுக்கு எப்போதும் மவுசு. ஒரு பக்கம் சுவர் மட்டும்தான், காற்று வரும், கொஞ்சம் தோட்டம் போடலாம். கப்பலில் கணக்குத் தலைகீழ். முனைகளில்தான் ஆட்டம் அதிகம். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. குமட்டலுக்கு அஞ்சும் முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான் பொருத்தம், பெரும்பாலும் விலையும் குறைவு. ஆனால் நேர் மேலே உணவுக்கூடமோ நடன அரங்கோ நீச்சல் தடாகமோ இருந்தால் நள்ளிரவு வரை நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். தளவரைபடத்தில் மேல்தளத்தையும் கீழ்தளத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம் சிறந்தது.

பல்கனி வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பழகிய எங்களுக்கு அதில் ஆசை வருவது இயல்பு. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அங்கிருக்கும் நாற்காலி ஓர் ஏணி. கதவின் மேல் தாழ்ப்பாளைப் பெரியவர் மட்டுமே எட்டுவார் என்று உறுதியானால் மட்டுமே பிள்ளைகள் உள்ள அறைக்குப் பல்கனி எடுக்கலாம். பிள்ளைகள் இல்லாத அறை ஒன்றுக்கு எடுத்து, மாலையில் எல்லோரும் அங்கே கூடுவது செலவிலும் பாதுகாப்பிலும் மேல். மேல்கட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆகாது என்பது பொதுவான அறிவுரை. கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டில் கேட்டால் தருவார்கள். ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும், அதை விரிக்கத் தரையில் இடமும் வேண்டும்.

வயது வரம்பும் உண்டு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. பல நாட்கள் கரை தொடாத பயணமென்றால் பன்னிரண்டு மாதம். கர்ப்பம் 24 வாரத்தை எட்டினாலும் அனுமதி இல்லை. பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் பெரும்பாலான பெரிய கப்பல்களில் இருக்கிறது. எங்கள் பிள்ளைக் காம்பராவைப் போலத்தான். ஆனால் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேல், தானே கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இடம். அணையாடை கட்டிய குழந்தையைப் பொது நீச்சல் தடாகத்தில் இறக்கவும் விடமாட்டார்கள். குழந்தையோடு போகும் தாய்க்கு ‘ஓய்வு’ என்று விளம்பரம் சொல்வதை நம்பி எடுக்கக்கூடாது. அவளுக்கு ஓய்வு வேண்டுமானால் குழந்தையைத் தூக்க இன்னொரு கை பக்கத்து அறையில் இருக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்து நான் போட்ட பட்டியல் ஆறு அறை. கனடாக் குடும்பத்துக்கு உள்கதவுள்ள இரண்டு. அண்ணன் குடும்பம் நால்வருக்கு ஒன்று, ஏழு வயதுக்காரன் மேல்கட்டில், நான்கு வயதுக்காரி கீழே. மாமா, அத்தைக்கு ஒன்று. எனக்கும் அக்காவுக்கும் ஒன்று. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒன்று. நான்கு அறைக் கணக்கை விட இது அதிகச் செலவு. கனடாவிலிருந்து முதலில் வந்த கேள்வி, அம்மாவையும் பெரியம்மாவையும் பிள்ளைகளோடு போட்டு இரண்டு அறையைக் குறைக்க முடியாதா என்பதுதான். நியாயமான கேள்வி. பணம் கட்டுவது அவள். நான் அம்மாவிடம் ஜன்னல் வேண்டுமா என்று கேட்டேன். ‘எனக்கு ஜன்னல் வேணாம் புள்ள. அக்கா பக்கத்துல படுத்தா போதும்’ என்றார். அக்கா போனபோது அம்மாவுக்குப் பத்து வயது. ஜன்னலில்லாத உள்ளறை என்று எழுதி அந்த அறையைப் பட்டியலில் வைத்தேன்.

அறைக்கு முன்னால் கடவுச்சீட்டு

ஆனால் அறைப் பட்டியல் முடிந்த பிறகுதான் உண்மையான தடை தெரிந்தது. பதினைந்து பேரிடம் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு. எந்தத் துறையில் ஏறுவது என்பதை விலை தீர்மானிப்பதில்லை, அந்தச் சீட்டுகள்தான் தீர்மானிக்கின்றன.

சென்னையில் ஏறினால் பலாங்கொடைக்காரரும் கிளிநொச்சிக்காரரும் கனடாக்காரரும் முதலில் இந்திய விசா எடுக்க வேண்டும். கப்பல் இலங்கைக்கு வந்து மீண்டும் சென்னைக்குத் திரும்புவதால், இரண்டாம் முறை நுழைய அந்த விசா இடம்தருமா என்றும் பார்க்க வேண்டும். அதாவது அண்ணன் குடும்பம் தன் நாட்டைச் சுற்றிப் பார்க்க இந்தியாவுக்கு விமானம் ஏற வேண்டும். கப்பல் தொடும் அம்பாந்தோட்டையோ பலாங்கொடையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாகச் சில மணி நேரப் பயணம்தான்.

சிங்கப்பூரில் ஏறலாம் என்றால், இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு அங்கே விசா தேவையில்லை. பெரியம்மாவின் இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தேவை. அங்கிருந்து போகும் கப்பல்கள் வழக்கமாகத் தொடும் பினாங்குக்கும் கிள்ளான் துறைக்கும் இலங்கையருக்கு மலேசிய விசா வேண்டும். கரையிறங்காமல் அறையிலேயே இருப்பேன் என்றாலும் விசா இல்லாமல் ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. விதிகள் அடிக்கடி மாறுபவை. பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு கடவுச்சீட்டுக்கும் ஒரு கட்டம் போட்டு, அன்றைய தேதியில் நிரப்பிப் பார்ப்பதே பாதுகாப்பு.

எங்கள் குடும்பத்துக்காவது மூன்று வகைக் கடவுச்சீட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான இலங்கைத் தமிழர் இன்றும் அகதிகளாக வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கியது. ஆனாலும் அந்த முகாம்களில் கையில் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கப்பலில் எந்த அறை என்ற கேள்வியே எழாது.

சொகுசுக் கப்பலும் பயணிகள் படகும்

இதே கடலில் இன்னொரு சேவையும் ஓடுகிறது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகுச் சேவையை இந்தியப் பிரதமர் காணொளி வழியாகத் தொடக்கி வைத்தார். ‘செரியபாணி’ என்ற அந்தப் படகில் 150 பேர் பயணிக்கலாம். ஒருவழிக் கட்டணம் வரியோடு 7,670 இந்திய ரூபா. ஒரு வாரத்திற்குள் மழைக்காலத்தைக் காரணம் காட்டி நின்றது. 2024 ஒகஸ்ட் 16 ஆம் திகதி ‘சிவகங்கை’ என்ற வேறு படகோடு மீண்டும் தொடங்கியது. நவம்பரில் காலநிலையால் மீண்டும் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி ஓடத் தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். அறை கிடையாது, இருக்கைதான்.

தொடக்கக் கட்டணத்தை எங்கள் பக்கத்துக் கணக்கில் சொன்னால், அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 30,000 இலங்கை ரூபா. அப்போது தோட்டத்தில் ஒரு பேருக்கு 1,000 ரூபா. ஒரு தொழிலாளி ஒரு மாதம் ஒரு நாள் விடாமல் பெரட்டுக்குப் போய்ப் பேர் வாங்கினால், ஒரு பக்கம் போகலாம். திரும்பி வர இன்னொரு மாதம். அண்ணன் குடும்பம் போல நால்வர் போய்வர 61,360 இந்திய ரூபா. 2026 ஜனவரி முதல் ஊக்குவிப்புத் தொகையோடு நாட்சம்பளம் 1,750 ரூபா என்று அரசு அறிவித்த பிறகும், பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இந்தக் கணக்குச் சுலபமாகிவிடவில்லை.

இந்தச் சேவைக்கு அரசுப் பணம் போகவில்லை என்று சொல்ல முடியாது. நாகப்பட்டினம் துறையின் இயக்கச் செலவுக்கு இந்திய அரசு நிதி அளித்தது. இலங்கை அரசு பயணிகளின் புறப்பாட்டு வரியைக் குறைத்தது. காங்கேசன்துறைத் துறைமுகத்தின் மேம்பாட்டுக்கு இந்தியா 61.5 மில்லியன் அமெரிக்க டொலர் நன்கொடை தர இணங்கியது. ஆக, ‘தனியார் வியாபாரம், அரசு தலையிட முடியாது’ என்ற பதில் இங்கே செல்லாது. மக்கள் பணம் போகும் சேவையில், அது யாருக்காக என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

1914 இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியபோது, அது தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த வழியும் கூட. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதத்திற்குள், 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் இராமேஸ்வரம் வழியாகத்தான் பெரியம்மா போன்றவர்கள் அனுப்பப்பட்டார்கள். போர் தொடங்கியதும் அந்த வழியும் அடைபட்டது. ஆள் தேவைப்பட்டபோது மலிவாகத் திறந்திருந்த கடல் அது. உறவு பார்க்கத் தேவைப்படும்போது மட்டும் ஏன் இத்தனை விலை?

கேட்க வேண்டியவை

கப்பலில் விடுமுறை போவதை நான் குறை சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு இரண்டு வேலை பார்த்த என் மாமா மகளுக்குத் தன் பிள்ளைகளோடு கடலைப் பார்க்கும் உரிமை எல்லோரையும் போல உண்டு. வசதியுள்ள குடும்பங்கள் மேலே சொன்னவற்றைப் பார்த்து நல்ல அறையாக எடுக்கட்டும். முதலில் கடவுச்சீட்டு, பிறகு துறை, பிறகு யாரோடு யார், கடைசியில் அறை வகை. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

எங்கள் கணக்கு வேறு வழியில் முடிந்தது. ஆறு அறைக்கும் பத்துப் பேரின் விசாவுக்கும் ஆகும் செலவைப் பார்த்த பிறகு, உண்மையில் கடல் தாண்ட வேண்டியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தோம். பெரியம்மாவும் அக்காவும், இரண்டே பேர். அவர்கள் நாகப்பட்டினத்தில் படகு ஏறினால், மற்றவர்கள் தரைவழியாகவும் விமானத்திலும் யாழ்ப்பாணம் வந்துவிடலாம். ஒரு வாரத்துக்கு ஒரு வாடகை வீடு. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் முன்னறை.

ஆனால் இரண்டு சீட்டை நம்பிப் பதிமூன்று பேர் விடுமுறை எடுப்பதற்குப் படகு நிச்சயமாக ஓட வேண்டும். எந்த மாதங்களில் ஓடும், எந்த மாதங்களில் ஓடாது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணை வர வேண்டும். ஓடாத நாளுக்கு முழுப்பணம் திரும்ப வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாதிக் கட்டணமும், நான்கு பேருக்கு மேற்பட்ட குடும்பத்துக்குக் குடும்பச் சீட்டும், எழுபது வயதைக் கடந்தவருக்குச் சலுகையும் வேண்டும். 1964, 1974 ஒப்பந்தங்களால் பிரிந்த குடும்பங்களுக்கு இரு நாடுகளும் கட்டணமில்லா விசா தர வேண்டும். யார் யாரை அனுப்பினோம் என்ற பதிவேடு இரு அரசுகளிடமும் இருக்கிறது. ஆளை எண்ணி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அவர்களைப் பார்த்துவர விடவும் அந்த எண்ணிக்கை உதவும். முகாமில் இருப்போருக்கு முதலில் ஒரு நாட்டின் குடியுரிமை வேண்டும்.

பெரியம்மாவுக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. மலையகத்திலிருந்து கப்பல் ஏறிய தலைமுறையில் இன்னும் நடமாடக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர் வயதுக்காரர்கள். இந்தக் கோரிக்கைகளுக்குப் பத்தாண்டு கழித்துப் பதில் வந்தால், அந்தச் சலுகைச் சீட்டை வாங்க அவர்களில் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.